மனிதநேய ஆற்றுப்படுத்துநராகத் தகுதி பெறுவது எப்படி? மார்த்தாண்டத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மார்த்தாண்டம் பகுதியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். வணிகவியல் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, பத்து ஆண்டுகளாகப் பள்ளியில் பணியாற்றுகிறார், வயது 34. வீட்டில் நேர்ந்த ஓர் இழப்புக்குப் பிறகு ஓர் ஆற்றுப்படுத்துநரிடம், அதாவது கவுன்சலரிடம், சில மாதங்கள் பேசியிருக்கிறார். "அவர் எனக்கு எந்த வழியும் சொல்லவில்லை, ஆனால் நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டார், அந்த முறையை நானும் கற்க வேண்டும்" என்கிறார். உளவியல் படிக்காதவர் மனிதநேய ஆற்றுப்படுத்துதலுக்குள் வர முடியுமா, எந்தச் சான்றிதழ் செல்லும், எவ்வளவு காலம் ஆகும், குமரி மாவட்டத்தை விட்டுப் போகாமல் இதைச் செய்ய முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

உளவியல் படிக்காதவரும் வர முடியும். நான்கு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முழுவதையும் மாவட்டத்துக்குள்ளேயே முடிக்க இயலாது. ஆனால் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதற்குத்தான் ஒரு வரியில் விடை கிடையாது. ‘கவுன்சலர்’ என்ற பெயரை யார் வைத்துக்கொள்ளலாம், யார் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நம் நாட்டில் நடைமுறையில் வேலி ஏதும் இல்லை. இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்தவரும் ஆறு ஆண்டுகள் உழைத்தவரும் ஒரே மாதிரிப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆகவே ஒரு பயிற்சியை எடைபோட நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: அது உங்களை எத்தனை மணி நேரம் உண்மையான மனிதர்கள் முன்னால் உட்கார வைக்கிறது, அந்த நேரத்தில் நடந்ததை அனுபவமுள்ள ஒருவர் உங்களோடு உட்கார்ந்து எத்தனை முறை பிரித்துப் பார்க்கிறார் என்பதே அது. கீழே சொல்லப்போவதையெல்லாம் இந்த அளவுகோலை வைத்தே சொல்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நம் பெற்றோருக்குக் ‘கவுன்சலிங்’ என்றால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை நினைவுக்கு வரும். இல்லையென்றால் கணவன் மனைவிக்கு இடையே சண்டை வந்தபோது பெரியவர் ஒருவர் இருவரையும் கூப்பிட்டுப் புத்தி சொல்வது நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். தமிழகக் கத்தோலிக்க வட்டாரங்களில் ‘ஆற்றுப்படுத்துதல்’ நெடுநாளாக வழங்கிவருகிறது, எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். சங்கப் பாடல்களில் ஆற்றுப்படை என்பது, பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்குத் தான் போய்வந்த வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது. ஆனால் அங்கே வழி சொல்பவனுக்கு வழி தெரியும். மனிதநேய முறையில் நாடி வருபவரின் வழி நமக்குத் தெரியாது. தெரிந்தது போல நடந்துகொள்ளவும் கூடாது. அவர் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் வரை கூடவே நடப்பதுதான் நம் வேலை. ‘மனிதநேயம்’ என்ற சொல்லுக்கு இங்கே இரக்கம், தானதர்மம் என்ற பொருளும் இல்லை. ஒரு மனிதன் தன்னைப் புரிந்துகொள்ளவும் வளரவும் தேவையான திறனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறான், தகுந்த உறவு ஒன்று கிடைத்தால் அது வெளிப்படும் என்ற நம்பிக்கையைத்தான் இந்தப் பெயர் குறிக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு முறையான வடிவம் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). இறையியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, அங்கிருந்து விலகி உளவியலுக்கு வந்தவர் அவர். ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகளோடும் பெற்றோரோடும் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். அந்தக் காலத்து அனுபவம் ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். முரட்டுத்தனமான ஒரு சிறுவனின் சிக்கலுக்குக் காரணம், தாய் அவனைச் சிறு வயதில் மனத்தால் ஒதுக்கியதுதான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதைத் தாய்க்குப் புரியவைக்கப் பல அமர்வுகள் முயன்றும் பலன் இல்லை. சரி, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுந்தார்கள். வாசல் வரை போன அந்தத் தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் இல்லற வாழ்க்கையின் வேதனையைக் கொட்டத் தொடங்கினாள். ரோஜர்ஸ் அதுவரை எழுதிவைத்திருந்த குழந்தையின் ‘வரலாறு’க்கும் அவள் சொன்னதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்பது வருபவருக்குத்தான் தெரியும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார்.

1940-களின் தொடக்கத்திலேயே அமர்வுகளை இசைத்தட்டில் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, மாணவர்களோடு உட்கார்ந்து ஆராய்ந்தவர் அவர். பூட்டிய அறைக்குள் நடந்ததை மற்றவர் கேட்டுத் திருத்தக்கூடிய பொருளாக மாற்றியது அந்தத் தட்டுகள்தான். இன்றைய பயிற்சியின் முதுகெலும்பும் அதுவே. 1957-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, மாற்றம் நிகழ்வதற்கு ஆறு நிலைமைகள் வேண்டும் என்றது. இருவருக்கு இடையே மனத்தொடர்பு இருக்க வேண்டும். வருபவர் தனக்குள் முரண்பட்டுத் தவிப்பவராக இருப்பார். ஆற்றுப்படுத்துநர் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்க வேண்டும். வருபவரை நிபந்தனையின்றி ஏற்க வேண்டும். அவருடைய உலகத்தை அவர் இடத்திலிருந்து உணர வேண்டும். அந்த ஏற்பும் ஒத்துணர்வும் சிறிதளவாவது வருபவருக்கு எட்ட வேண்டும். ஆறாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்குள் எவ்வளவு பரிவு இருந்தாலும், எதிரே இருப்பவர் அதை உணரவில்லை என்றால் அது என்னுடைய சொந்த உணர்ச்சி மட்டும்தான். அதே கட்டுரையில், துறைசார் சிறப்பு நூலறிவு இந்த ஆறில் ஒன்றாகச் சேர்க்கப்படவில்லை என்பதையும், இந்தப் பண்புகள் அனுபவப் பயிற்சியால் வருபவை என்பதையும் ரோஜர்ஸ் சொல்கிறார். நீங்கள் உளவியல் பட்டதாரி இல்லை என்று தயங்குவதற்கு என் முதல் பதில் இதுதான். படிப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எப்போது இந்த முறை போதாது, எப்போது ஒருவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அறியப் படிப்பு அவசியம்.

இந்தக் குடும்பத்தில் வேறு கிளைகளும் உண்டு. ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் வளர்த்த கெஸ்டால்ட் முறை, இப்போது இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வைக்கிறது. எரிக் பெர்ன் (1910–1970) உருவாக்கிய பரிமாற்றப் பகுப்பாய்வை எல்லாரும் ‘டி.ஏ.’ என்றே சொல்கிறார்கள். பெற்றோர், பெரியவர், குழந்தை என்ற மூன்று மனநிலைகளைக் கொண்டு அது உறவுகளைப் படிக்கிறது. தென்னிந்தியாவில் ஒழுங்கான ஏணிப்படிகளோடு கிடைக்கும் மனிதநேயப் பயிற்சி எது என்று கேட்டால் டி.ஏ.யைத்தான் சொல்வேன்; அதற்குப் பின்னர் வருகிறேன்.

சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரை வரையறுக்கிறது. ஆற்றுப்படுத்துநர் என்ற பெயர் அந்த வரிசையில் இல்லை. மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்றுக்கொண்ட படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் எண் பெற வேண்டும். அந்தத் தகுதி இல்லாமல் நோயறிதல் அறிக்கை எழுதுவதும், ‘கிளினிக்கல்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் போடுவதும் தவறு. 2021-ல் வந்த உடன்சார் சுகாதாரப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் பலவகை ஆற்றுப்படுத்துநர்களையும் நடத்தைசார் சுகாதாரப் பிரிவில் சேர்த்து, மாநிலக் குழுமங்களும் பதிவேடுகளும் ஏற்பட வழி செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியல் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. நம் மாவட்டத்து ஆசிரியர்களும் அருட்சகோதரிகளும் இத்தனை காலம் நம்பியிருந்த அஞ்சல்வழி முதுநிலைப் பாதை இதனால் அடைபட்டுவிட்டது. இன்னும் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று யாராவது உங்களிடம் கட்டணம் கேட்டால், மானியக் குழுவின் அறிவிப்பைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆக, உங்கள் முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, நேரடி வகுப்பில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. சென்னையில் லயோலா கல்லூரி, சென்னைச் சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களில் ஆற்றுப்படுத்தும் உளவியல் முதுநிலைப் படிப்பாக இருக்கிறது. ஆனால் மார்த்தாண்டத்தில் இருப்பவருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். ஸ்ரீகாரியத்தில் உள்ள லயோலா சமூக அறிவியல் கல்லூரியில் ஆற்றுப்படுத்தும் உளவியல் முதுநிலைப் படிப்பு உண்டு. தினமும் போய்வருவது சிரமம். வார இறுதியில் வீடு திரும்பலாம். சில இடங்களில் இளநிலையில் உளவியல் படித்திருக்க வேண்டும் என்பார்கள், சில இடங்களில் எந்தப் பட்டத்தையும் ஏற்று நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைப்பார்கள். ஒவ்வொரு இடத்தின் அவ்வாண்டு அறிவிப்பையும் நேரில் பார்ப்பதே வழி. வணிகவியல் படித்தவருக்கு எளிதாகத் திறக்கும் கதவு ஒன்று உண்டு: சமூகப் பணி முதுநிலைப் படிப்பு. அதற்கு எந்தப் பட்டமும் போதும். மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் களப்பணி மணி நேரங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குடும்ப நீதிமன்றம் போன்ற இடங்களில் வேலை தேடுபவருக்கு இத்தகைய முதுநிலைப் பட்டம் தேவைப்படும். ஆனால் பட்டம் மட்டும் உங்களை மனிதநேய ஆற்றுப்படுத்துநர் ஆக்காது. பல பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ரோஜர்ஸ் ஓர் அலகில் வந்து தேர்வோடு போய்விடுகிறார்.

இரண்டாவது பாதை, தொழில்முறை அமைப்பு வழியான பயிற்சி. டி.ஏ. இந்தியாவில் 1970-களில் கொச்சியில் அருட்தந்தை ஜார்ஜ் கண்டத்தில் வழியாக வேரூன்றியது. கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் பயிற்சியாளர்கள் தொடர்ந்து இருக்கிறார்கள். ‘101’ என்று அழைக்கப்படும் இரண்டு நாள் அறிமுக வகுப்பில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருபவை பல ஆண்டுகள் நீளும். பன்னாட்டுப் பரிமாற்றப் பகுப்பாய்வுச் சங்கத்தின் சான்றிதழ் பெற மொத்தம் 2,000 மணி நேரம் காட்ட வேண்டும்: நாடி வருபவர்களோடு 750, பயிற்சி வகுப்பில் 600, மேற்பார்வையில் 150, மற்ற தொழில்முறை வளர்ச்சியில் 500. பிறகு எழுத்துத் தேர்வாக நீண்ட ஒரு பணி விவரிப்பும், உங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவை வைத்துத் தேர்வாளர் குழு முன் வாய்மொழித் தேர்வும் உண்டு. ஆற்றுப்படுத்துதல், உளச்சிகிச்சை, கல்வி, நிறுவனம் என்று நான்கு துறைகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியையான நீங்கள் கல்வித் துறையைப் பற்றியும் யோசிக்கலாம். வேலூரில் உள்ள கிறிஸ்டியன் கவுன்சலிங் சென்டர், பெங்களூரில் உள்ள பரிவர்த்தன் ஆகியவையும் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருபவை. குறுகிய பயிற்சியை இப்பாதையின் தொடக்கமாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அதுவே போதும் என்று நிறுத்திவிடும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

இங்கிலாந்துச் சான்றிதழ் என்று இணையத்தில் விளம்பரம் செய்யப்படுபவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயும் ‘கவுன்சலர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் 1977-ல் உருவான பிரிட்டிஷ் ஆற்றுப்படுத்துநர் சங்கம் போன்ற அமைப்புகள் தாமே அளவுகோல் வைத்திருக்கின்றன. ரோஜர்ஸ் வழிவந்த ஆள்மைய முறையில் பட்டயம் பெறுபவர், மேற்பார்வையோடு குறைந்தது 100 மணி நேரம் நேரடியாக மனிதர்களைச் சந்தித்திருக்க வேண்டும். அடுத்த நிலை அங்கீகாரத்துக்கு 450 மணி நேரம். காணொளி பார்த்து, கேள்விகளுக்கு விடை குறித்து, வீட்டிலிருந்தே பெறும் தாள் இந்த அளவுகோலில் எந்த இடத்திலும் நிற்காது.

இனி, பயிற்சிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெரும்பகுதி நேரம் மூவர் மூவராக உட்கார்ந்திருப்பீர்கள்: ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் கவனித்துச் சொல்வார். நாடகம் போடக் கூடாது. பேசுபவர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையான ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பிறகு பதிவைப் போட்டு, ஒவ்வொரு பதிலையும் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். ஓர் உதாரணம் தருகிறேன். இது எந்த ஒருவருடைய பேச்சும் இல்லை, கடற்கரையில் கேட்ட பல குரல்களிலிருந்து நான் கட்டியது. ஒரு பெண் சொல்கிறார்: "எனக்க மாப்பிள கடலுக்குப் போனவரு வரல்ல. எல்லாரும் செத்துப்போனாருண்ணு சொல்லுதாவ. நான் எப்பிடி அதச் சொல்லுவேன்?" புதிதாக வந்தவர் பெரும்பாலும், "அழாதீங்க, பிள்ளைங்களுக்காகத் தைரியமா இருக்கணும்" என்பார். அது அவருடைய சொந்தத் தவிப்பைத் தணித்துக்கொள்ளச் சொல்வது. இன்னொருவர், எந்தப் படகு, எத்தனை பேர் போனார்கள் என்று விவரம் கேட்பார். அந்தப் பெண் காவல் நிலையத்தில் சொன்னதையே திரும்பச் சொல்வார். மூன்றாவது பதில் ஒன்று உண்டு: "எல்லாரும் சொல்லுதாவ... ஆனா உங்க வாயால அதச் சொல்லிட்டா, நீங்களே அவர விட்டது மாதிரி ஆயிருமோண்ணு இருக்கு." இதைத் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது, தயங்கித்தான் சொல்ல வேண்டும். அவர் "ஆமா" என்று அழலாம். "இல்ல, அதில்ல" என்று தலையசைத்து, உண்மையில் தன்னை வதைப்பது என்ன என்று சொல்லலாம். இரண்டுமே நல்லவை. தவறாகப் புரிந்துகொண்டதை அவர் திருத்த முடிகிற அளவுக்கு நம்மிடம் இடம் இருந்தால், அதுவே தொடர்பு ஏற்பட்டதற்கு அடையாளம்.

இந்த உதாரணத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கடலைத் தாக்கியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாத இழப்புக்கு முடிவு இல்லை. இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர். காணாமல் போனவரை ஏழு ஆண்டுகள் கழித்து இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொதுவிதி. மனத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த உத்தியும் உதவாது. ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று தள்ளாமலும், ‘வருவார்’ என்று பொய் சொல்லாமலும் ஒருவர் பக்கத்தில் இருக்க முடிவதுதான் உதவும். அது எளிதாக வருவதில்லை.

எனக்கு அது வரவில்லை என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை மறைக்க விரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி பக்கமெல்லாம் உதவிக்குப் போன இளையவர்களில் நானும் ஒருவன். ஒரு தொண்டு அமைப்பு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ‘நடந்ததையெல்லாம் சொல்ல வையுங்கள், சொன்னால் பாரம் குறையும்’ என்று அனுப்பியது. நான் முகாமில் ஒரு தாயைச் சொல்ல வைத்தேன். குழந்தையின் கை எப்படி நழுவியது என்பது வரை சொன்னார். மறுநாள் நான் வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டேன். அவரிடம் திரும்பிப் போகவே இல்லை. உடனே விவரிக்க வைக்கும் ஒற்றை அமர்வு முறையால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். ஆனால் படிப்பதற்கு முன்பே, அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்குள் ஏதோ தவறு என்று தோன்றியிருந்தது. அந்த உணர்வை மதிக்க எனக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை, அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு மேற்பார்வையாளரும் இருக்கவில்லை. ரோஜர்ஸ் சொன்ன ‘உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல்’ என்பது முதலில் தன்னைக் கேட்பதுதான் என்று நான் புரிந்துகொண்டது அதற்குப் பிறகு.

ஆகையால், பயிற்சிக் காலத்தில் நீங்களும் ஓர் ஆற்றுப்படுத்துநரிடம் தொடர்ந்து போக வேண்டும் என்பதை நான் விருப்பப் பாடமாகக் கருதவில்லை. உங்களுக்கு நேர்ந்த இழப்புதான் உங்களை இந்தப் பக்கம் அழைத்துவந்திருக்கிறது, நல்ல காரணம்தான். ஆனால் அதே மாதிரி இழப்போடு ஒருவர் உங்கள் முன் வந்து உட்காரும் நாளில், அவருடைய துயரம் எது, உங்களுடையது எது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே பேசிய சில மாதங்கள் தொடக்கம். குறைந்தது ஓராண்டாவது தொடருங்கள் என்பேன்.

மேற்பார்வையைப் பற்றியும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். மேற்பார்வையாளர் உங்கள் அதிகாரி இல்லை. பள்ளி ஆய்வாளரைப் போலக் குறை கண்டுபிடிக்க வருபவரும் இல்லை. நீங்கள் சந்தித்தவரின் பெயரை மறைத்து, அவர் ஒப்புதலோடு எடுத்த பதிவையோ, நினைவிலிருந்து எழுதிய உரையாடலையோ கொண்டுபோவீர்கள். எந்த இடத்தில் நீங்கள் அவரை விட்டு விலகினீர்கள், ஏன் என்று இருவரும் தேடுவீர்கள். குமரி மாவட்டத்தில் இத்தகைய மேற்பார்வையாளர்கள் மிகக் குறைவு. பலர் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ இருப்பவரை மாதம் இருமுறை காணொளி வழியாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரிலும் சந்திக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். இன்னொன்று, ஊரில் இதே பயிற்சியில் இருக்கும் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி ஒருவர் பணியை ஒருவர் பார்ப்பது. இது மேற்பார்வைக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

சின்ன மாவட்டம் என்பதன் சிக்கல் பெரிய நகரங்களில் எழுதப்படும் நூல்களில் வருவதில்லை. இங்கே உங்களை நாடி வரும் பெண் உங்கள் பங்கைச் சேர்ந்தவராக இருப்பார், அல்லது உங்கள் தங்கையின் நாத்தனாரோடு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்பவராக இருப்பார். குலசேகரம் பேருந்தில் எதிர் இருக்கையில் உட்காருவார். அந்த நேரத்தில் அவர் முதலில் சிரித்தால் நீங்களும் சிரிப்பது, இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் இருப்பது என்பதை முதல் அமர்விலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உறவினரையும் நெருங்கிய நண்பரையும் ஏற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அமர்வு விவரம் எழுதாதீர்கள். ‘இப்படித்தான் ஒரு கேஸ் வந்தது’ என்று பெயரில்லாமல் சொன்னால்கூட நம் ஊரில் மூன்றாவது வரியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அழைக்கும் விதமும் சிறிய விஷயமில்லை. உங்களை ‘டீச்சர்’ என்பார்கள், ‘அக்கா’ என்பார்கள், துறவியாக இருந்தால் ‘சிஸ்டர்’. இவை ஒவ்வொன்றும் ஓர் எதிர்பார்ப்பைக் கூடவே கொண்டுவருகின்றன. டீச்சர் திருத்துவார், அக்கா தன் பக்கம் நிற்பார், சிஸ்டர் செபிப்பார். அழைப்பை மாற்றச் சொல்ல வேண்டாம். அது செயற்கையாகி, அவரை வெட்கப்படுத்தும். ஆனால் அந்த எதிர்பார்ப்பு வெளிப்படும் நேரத்தில், ‘நான் என்ன செய்யணும் அக்கா, நீங்களே சொல்லுங்க’ என்று அவர் கேட்கும் நேரத்தில், அதை மரியாதையோடு பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். ‘நான் சொல்லமாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்று நூலில் படித்ததைச் சொல்லி ஒருவரைத் தனியே விட்டுவிடுவதும் கொடுமைதான். யாராவது தனக்காக முடிவெடுத்தால் போதும் என்ற அளவுக்கு அவர் களைத்திருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சுவாமித்தோப்புப் பதி என்று நம்பிக்கை ஆழமாக ஓடும் மண் இது. வருபவரின் செபமும் நேர்ச்சையும் அவருடைய உலகத்தின் பகுதி. அவற்றை மதிப்பது நிபந்தனையற்ற ஏற்பில் அடங்கும். உங்கள் நம்பிக்கையை அவர் மேல் வைப்பது அதில் அடங்காது.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். 1957-க்குப் பிறகு விஸ்கான்சினில், மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் ரோஜர்ஸ் குழு தம் முறையைச் சோதித்தது; எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. குரல்கள் கேட்பவர், பல நாள் தூங்காமல் அளவுக்கு மீறிய வேகத்தில் பேசுபவர், உண்ணவோ எழவோ முடியாமல் கிடப்பவர் ஆகியோருக்கு மருத்துவம் முதலில் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப் போய் விட்டுவாருங்கள், பிறகு உங்கள் பணியைத் தொடரலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் நேரடியாகக் கேட்கப் பழகுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படாது. 14416 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை தமிழில் இரவும் பகலும் கிடைக்கிறது. அந்த எண்ணை வருபவர் கையில் கொடுத்துவையுங்கள். குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. இரகசியம் காப்பேன் என்று முதல் நாளில் சொல்லும்போதே இந்த விலக்கையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் ஆசிரியர் வேலையை இப்போது விடமாட்டேன். முதல் ஆண்டில் டி.ஏ. அறிமுக வகுப்பையோ வேறொரு நல்ல அடிப்படைப் பயிற்சியையோ விடுமுறையில் முடித்து, சொந்த ஆற்றுப்படுத்துதலைத் தொடர்வேன். இந்த வேலை எனக்கு ஏற்றதா என்று அதற்குள் தெரிந்துவிடும். ஏற்றதில்லை என்று தெரிந்து விலகியவர்களையும் மதிக்கிறேன். பிறகு, ஊதியமில்லா விடுப்புக்கு வழி இருந்தால் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு, இல்லையென்றால் வார இறுதிப் பயிற்சிகளோடு நீண்ட பாதை. கட்டணத்தைக் கணக்கிடும்போது வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேற்பார்வை, சொந்த ஆற்றுப்படுத்துதல், பயணம், தங்குமிடம் ஆகியவை சேர்ந்தால் அதைவிடக் கூடுதலாகும். எந்த நிறுவனத்தை அழைத்தாலும் மூன்றைக் கேளுங்கள்: நேரடி அமர்வு எத்தனை மணி நேரம், மேற்பார்வை எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளரின் சொந்தப் பயிற்சி என்ன. மணி நேரக் கணக்கைச் சொல்லாமல் சான்றிதழின் முத்திரையைப் பற்றிப் பேசினால் தொலைபேசியை வைத்துவிடலாம்.

பயிற்சிக்கால மணி நேரங்களை உங்கள் பள்ளியிலேயே சேர்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். நீங்கள் மதிப்பெண் போடும் பிள்ளை உங்கள் முன்னால் சுதந்திரமாகப் பேச முடியாது. பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரிடம் பேசி, வாரம் இரண்டு மாலைகள், பெற்றோர் ஒப்புதலோடு, கதவு பாதி திறந்திருக்கும் ஓர் அறையைக் கேட்டுப் பாருங்கள். அதேபோல உங்கள் பள்ளிக்கு அந்தப் பள்ளியிலிருந்து பயிற்சியில் இருக்கும் ஒருவர் வரலாம்.